680 கிலோ கார்... ஆபீசுக்கும் அதுதான், ரேஸுக்கும் அதுதான்! யார் இந்த காலின் சாப்மேன்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோடிகளில் விலை, எட்டு சிலிண்டர் இன்ஜின், வாரம் முழுக்க கவர் போட்டு மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுக்கிற ஒரு பொருள். தினமும் வேலைக்குப் போக, டிராஃபிக்கில் நிற்க, மழையில் நனைய அதெல்லாம் சரிப்படாது என்பதுதான் பொதுவான எண்ணம்.

இந்த எண்ணத்தை 1950-களிலேயே ஒருவர் அசைத்துப் பார்த்தார். லோட்டஸ் கார் நிறுவனத்தை ஆரம்பித்த ஆங்கிலேயர் காலின் சாப்மேன். ஃபார்முலா 1 பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம் வென்ற டீமின் முதலாளி, ஜெயித்ததும் கறுப்புத் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசுகிற மனிதர். ஆனால், அவரை ரேஸ் டீம் முதலாளியாக மட்டும் பார்த்தால் பாதிக் கதை போய்விடும். மாதச் சம்பளம் வாங்கும் ஓர் இளைஞன் திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகும் காரிலேயே சனிக்கிழமை ரேஸுக்கும் போகலாம் என்று செய்து காட்டியவர் அவர். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி பெரிய இன்ஜின் இல்லை. எடையைக் குறைப்பது, அவ்வளவுதான்.

அப்படிக் குறைத்த எடைக்கு யாரோ ஒருவர் வேறு வகையில் விலை கொடுத்தார்கள். சில நேரம் நனைந்த சீட்டில் உட்கார்ந்து. சில நேரம் உயிரையே.

பப்புக்குப் பின்னால் ஒரு குதிரை லாயம்

1928 மே 19-ம் தேதி லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார் சாப்மேன். வளர்ந்தது வடக்கு லண்டனின் ஹார்ன்சி பகுதியில். அப்பா அங்கே ‘ரயில்வே ஹோட்டல்’ என்ற பப்பை நடத்திவந்தார். பையன் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் சேர்ந்தது ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங் படிக்க அல்ல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிங், அதாவது கட்டடமும் பாலமும். இந்த ஒரு விவரம் ரொம்ப முக்கியம். பாலம் கட்டுகிறவனுக்கு எந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று தெரியும். எதையும் தாங்காமல் சும்மா நிற்கிற கம்பி எது என்றும் தெரியும். சாப்மேன் வாழ்நாள் முழுக்கக் காரை அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். கல்லூரியின் விமானப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது. விமானத்தில் தேவையில்லாத ஒரு கிலோகூட இருக்காது.

படிக்கும்போதே நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கிற வேலை. நல்லாவே போய்க்கொண்டிருந்தது. 1947-ல் தனியார் வாகனங்களுக்கான அடிப்படை பெட்ரோல் ஒதுக்கீட்டை பிரிட்டன் அரசு நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத ஊரில் பழைய காரை யார் வாங்குவார்கள்? கையில் இருந்தவற்றைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதில், விற்காமல் தங்கியது 1930-ல் செய்த ஓர் ஆஸ்டின் செவன். அதன் உடலைக் கழற்றிப்போட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புது உடல் செய்தார். வேலை நடந்த இடம், காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட். அந்தக் கார்தான் முதல் லோட்டஸ்.

தாமரை என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஹேசலுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் என்பது அதில் ஒன்று. சாப்மேன் கடைசி வரை வாயைத் திறக்கவே இல்லை.

1952 ஜனவரி 1-ம் தேதி லோட்டஸ் இன்ஜினீயரிங் தொடங்கியபோது முதலீடு 25 பவுண்டு. அதுவும் ஹேசல் கொடுத்த கடன். ஒர்க்‌ஷாப், அப்பாவின் பப்புக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். சாப்மேனோ பகலில் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்தில் சம்பள வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கார் வேலை எல்லாம் ராத்திரியில்தான். இன்றைய பாஷையில் சொன்னால் சைடு புராஜெக்ட். இருவரும் 1954-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

காரை ஏன் பெட்டியில் போட்டு விற்றார்?

முதலில் காசு கொண்டுவந்த கார் மார்க் சிக்ஸ். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்த ஒரு கூண்டு. பாலத்தில் பார்க்கிறோமே, அதே அமைப்புதான். வெறும் கூண்டின் எடை 25 கிலோ அளவுதான், இரண்டு பேர் சேர்ந்து அலட்டாமல் தூக்கிவிடலாம். வாங்குகிறவர் இந்தக் கூண்டையும் அலுமினியப் பலகைகளையும் லோட்டஸிடம் வாங்குவார். இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் பழைய ஃபோர்டு ஒன்றிலிருந்து அவரே கழற்றிக்கொள்வார். பிறகு வீட்டு ஷெட்டில் வைத்துப் பொருத்த வேண்டியதுதான்.

இதில் ஒரு வரிக் கணக்கும் இருக்கிறது. அன்றைய பிரிட்டனில் புதுக் காருக்கு ‘பர்ச்சேஸ் டாக்ஸ்’ என்று கனமான ஒரு வரி உண்டு. ஆனால், பாகங்களாக விற்றால் அந்த வரி கிடையாது. அதாவது, ரெடியாக நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க முடியாத ஒரு டெக்னீஷியனோ ஜூனியர் இன்ஜினீயரோ, சில வார இறுதிகளைச் செலவு செய்தால் அதே காருக்குச் சொந்தக்காரர் ஆகலாம். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இந்த வழியில்தான் பிரபலமானது. கதவு கிடையாது, ஹீட்டர் கிடையாது. எடை சுமார் 500 கிலோ. பாகங்களை எப்படிப் பொருத்துவது என்ற குறிப்பைப் பெட்டியோடு தரக் கூடாது என்று விதி இருந்ததாம். சரி, தரவில்லை. எப்படிக் கழற்றுவது என்ற குறிப்பைத் தந்தார்கள்! அதைக் கடைசியிலிருந்து படித்தால் கார் ரெடி. லோட்டஸ் ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

செவனை தினமும் ஓட்டியவர்களும் இருந்தார்கள். லண்டன் குளிரில், காதுக்குள் காற்று போக, லாரி டயர் முகத்துக்கு நேராகச் சுற்ற. அதை வசதியான வாகனம் என்று சாப்மேனே சொல்லியிருக்க மாட்டார். ஒரு நிஜமான அன்றாடக் கார் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அதே 1957-ல் லண்டன் கார் கண்காட்சியில் எலீட் வந்தது. மூடிய கூரை, அழகான உடல். சேஸிஸே கிடையாது, மொத்த காரும் ஃபைபர்கிளாஸ் ஓடுதான். உலகத்தில் யாரும் அதுவரை இப்படி ஒரு காரைத் தயாரித்து விற்றதில்லை. காற்றைக் கிழித்துப் போவதில் இன்றைய கார்களுக்கே சவால் விடும் வடிவம். ஆனால், ஓட்டிப் பார்த்தவர்கள் நொந்துபோனார்கள். இன்ஜின் அதிர்வும் பின் அச்சின் சத்தமும் நேரே அந்த ஓட்டுக்குள் பாய்ந்து, மிருதங்கத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கதவு வளைவாக இருந்ததால் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்க முடியாது. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியையே கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்! லோட்டஸுக்கு ஒவ்வொரு எலீட்டிலும் நஷ்டம் வேறு. ஆயிரம் கார்களைச் சற்றே தாண்டியதும் கதை முடிந்தது.

எலான்: எல்லோரையும் காதலிக்க வைத்த கார்

1962-ல் வந்த எலான்தான் சாப்மேன் வாழ்க்கையின் நடுப்பக்கம். என்னைக் கேட்டால், அவர் ஜெயித்த அத்தனை கிராண்ட் பிரீக்களையும்விட இந்தக் காருக்குத்தான் அவர் பெயர் நிலைக்க வேண்டும்.

வடிவமைப்புக்குப் பொறுப்பு ரான் ஹிக்மேன். பின்னாளில் ‘ஒர்க்மேட்’ என்ற மடக்கு ஒர்க்பெஞ்சைக் கண்டுபிடித்துப் பணக்காரரானவர். எலானின் உடலும் எலீட் போலவே சேஸிஸ் இல்லாத ஃபைபர்கிளாஸாகத்தான் திட்டமிடப்பட்டது. உடல் தயாராகும் வரை சஸ்பென்ஷனைச் சோதித்துப் பார்க்க, தகரத்தை மடித்து ஒரு தற்காலிகச் சட்டம் செய்தார்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு, முன்னாலும் பின்னாலும் கவட்டை மாதிரி விரிந்த கைகள். ஓட்டிப் பார்த்தால், அந்தத் தற்காலிகச் சட்டம் எதிர்பார்த்ததைவிட ரொம்பவே உறுதி. அதையே வைத்துக்கொண்டார்கள். மேலே ஃபைபர்கிளாஸ் உடல் வெறும் சட்டை மாதிரி உட்கார்ந்தது.

ரேஸில் கண்டுபிடிப்பது ரோட்டுக்கு வரும் என்பார்கள். இங்கே தலைகீழ். எலானின் முதுகெலும்பை இரண்டாகப் பிரித்து அகலமாக்கி நடுவில் டிரைவரை உட்கார வைத்தால் என்ன என்று யோசித்ததில்தான், அதே 1962-ல் லோட்டஸ் 25 ரேஸ் கார் பிறந்தது. ஃபார்முலா 1 கார்கள் இன்று வரை அந்தத் தொட்டி வடிவ அமைப்பின் வாரிசுகளே.

சரி, எலானில் அப்படி என்ன விசேஷம்? எடை சுமார் 680 கிலோ. இன்றைய சின்ன ஹேட்ச்பேக்குகளைவிடக் குறைவு. இன்ஜின் ஃபோர்டு குடும்பக் காரின் அடிப்பாகத்தின் மேல் ஹாரி மண்டி வடிவமைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் தலையைப் பொருத்திய 1,558 சிசி. சுமார் 105 குதிரைசக்தி. அதே காலத்து ஜாகுவார் இ-டைப் 1,200 கிலோவுக்கு மேல் எடையும் 3,800 சிசி இன்ஜினும் வைத்திருந்தது. நேர் சாலையில் ஜாகுவார்தான் ராஜா. ஆனால், வளைந்து நெளிந்து போகும் ஆங்கிலேயக் கிராமத்துச் சாலையில் எலானைப் பிடிப்பது சிரமம்.

இங்கே கொஞ்சம் பிசிக்ஸ். எடை குறைந்தால் சின்ன இன்ஜின் போதும். சின்ன இன்ஜின் என்றால் அதைத் தாங்கும் சட்டமும் சின்னதாகலாம். நிறுத்த சின்ன பிரேக் போதும், மெல்லிய டயர் போதும், குறைந்த பெட்ரோல் போதும். மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகும் கார், சாதாரணமாக ஓட்டினால் லிட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் கொடுத்தது. டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது. ஒரு கிலோவைக் குறைத்தால் அது இன்னொரு கிலோவைக் கூட்டிக்கொண்டு போய்விடும். சம்பளக்காரர் ஒருவர் ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டக் கட்டுப்படியானதற்குக் காரணம் இந்தச் சங்கிலிதான்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் குழியில் இறங்கினால் இடுப்பு ஒடியும் என்று நினைப்போம். எலான் அப்படி இல்லை. கனமான காரை வளைவில் சாயாமல் பிடிக்கத்தான் கெட்டியான ஸ்ப்ரிங் தேவை. எடையே இல்லாத காருக்கு மிருதுவான ஸ்ப்ரிங்கே போதும். அதனால் மேடுபள்ளத்தில் எலான் மிதந்து போனது, வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. பவர் ஸ்டீயரிங் இல்லாமலேயே இரண்டு விரலில் திருப்பலாம். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் முர்ரே, தன் காரின் ஸ்டீயரிங்கை எலான் அளவுக்குக் கொண்டுவர முடியவில்லையே என்று பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். இரண்டு முறை உலக சாம்பியனான ஜிம் கிளார்க் சொந்த உபயோகத்துக்கு எலான் வைத்திருந்தார். ‘தி அவெஞ்சர்ஸ்’ டிவி தொடரில் டயானா ரிக் ஓட்டிவந்ததும் எலானே. (மார்வெல் இல்லை பாஸ், இது 1960-களின் பிரிட்டிஷ் தொடர்!)

தினமும் ஓட்டினால் என்ன ஆகும்?

இப்போது சொந்தக்காரர் பக்கம் வருவோம்.

காலையில் கிளம்புகிறார். கிளட்சை விட்டதும் கார் தவளை மாதிரி இரண்டு தத்து தத்தும். காரணம், இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுகளில் இருந்த ரப்பர் வளையங்கள். விலையும் எடையும் குறைவு என்று சாப்மேன் வைத்தவை. கிளட்சை விடும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும், பிறகு துள்ளி விடும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இது தொடர்ந்து நடக்கும். அதைச் சமாளிக்கப் பழகிக்கொள்வதே ஒரு தனிக் கலை. வளையம் விரிசல் விட்டிருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் ஓடும்போது அறுந்தால் பக்கத்தில் இருக்கும் எதையும் அடித்து நொறுக்கிவிடும்.

மழை வருகிறது. ஆரம்ப எலான்களில் கூரையைக் கம்பி கம்பியாக எடுத்துப் பொருத்தித் துணியை இழுத்துவிட வேண்டும். முடிப்பதற்குள் மழையே நின்றிருக்கும்.

இருட்டுகிறது. போனட்டில் ஒளிந்திருக்கும் ஹெட்லைட் மேலே எழும்புவது மோட்டாரால் அல்ல. இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால். அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்கத் தனி டேங்க் எதற்கு, சட்டத்தின் முன் குறுக்குக் குழாயையே டேங்காக்கிவிடலாம் என்றது சாப்மேன் மூளை. ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை. ரொம்ப அழகான யோசனை. ஆனால், அந்தக் குழாய் துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை விழுந்தால் வெற்றிடம் கசியும். ராத்திரி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட் இரண்டும் தூக்கம் வந்த மாதிரி மெதுவாகக் கண்ணை மூடும்.

எலெக்ட்ரிக்கல் தொல்லை தனிக்கதை. சாதாரணக் காரில் இரும்பு உடலே எர்த் வேலையைச் செய்துவிடும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் போகாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும், அதில் ஒரு முனை துருப்பிடித்தால் இண்டிகேட்டர் போட்டால் வேறு ஏதோ எரியும். தண்ணீர் பம்ப் இன்ஜினின் முன் மூடியோடு சேர்ந்தே இருந்தது. சின்ன பம்ப் கசிந்தாலும் இன்ஜினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். லோட்டஸ் என்ற ஆங்கில எழுத்துகளுக்கு, நிறைய தொல்லை, அதுவும் பெரும்பாலும் சீரியஸான தொல்லை என்று வருகிற மாதிரி ஒரு விரிவாக்கம் இங்கிலாந்து முழுக்கப் பரவியது இப்படித்தான்.

ஆனாலும் விற்காமல் வைத்திருந்தார்கள். இதுதான் ஆச்சரியம். வார நாட்களில் சபித்தவர்கள்கூட ஒரு நல்ல வளைவு வந்ததும் மன்னித்துவிட்டார்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்தவர்கள் வேறு வழியில்லாமல் காரை மாற்றுவதைப் பார்த்து, அவர்களையும் விட மனமில்லாமல் 1967-ல் பின்சீட்டோடு எலான் பிளஸ் டூ கொண்டுவந்தார் சாப்மேன். ஒரு பிரச்சினை தீரும் வரை தூங்காத மனிதர், தீர்ந்ததும் அடுத்ததுக்கு ஓடிவிடுவார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் வளையத்தையும் தண்ணீர் பம்பையும் உட்கார்ந்து சரிசெய்வது அவருக்குச் சுவாரஸ்யமான வேலை அல்ல போல.

ரேஸ் டிராக்கில் அதே கணக்கு

ரோட்டில் ஒரு பாகம் தோற்றால் இழுவை வண்டி வரும். ரேஸில் அப்படி இல்லை.

1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஸ்டிர்லிங் மோஸ் ஓட்டிய லோட்டஸின் சக்கரம் கழன்றது. இரண்டு கால்களும் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லரின் லோட்டஸில் ஸ்டீயரிங் தண்டு உடைந்தது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார், ஆனால் அவரது ரேஸ் வாழ்க்கை அத்துடன் முடிந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மொனாக்கோவில் லோட்டஸுக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியை வாங்கிக் கொடுத்திருந்தார் அதே மோஸ். லோட்டஸின் இரண்டு முகமும் ஒரே சீசனில்.

பிறகு வந்தது ஜிம் கிளார்க்கின் காலம். 1963-லும் 1965-லும் உலகப் பட்டம், 1965-ல் இண்டியானாபோலிஸ் 500. ஸ்காட்லாந்து விவசாயிக்கும் லண்டன் பப்காரர் மகனுக்கும் இடையே இருந்தது முதலாளி - டிரைவர் உறவு மட்டுமல்ல. 1968 ஏப்ரல் 7-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் கிளார்க்கின் கார் மரங்களில் மோதியது. பின் டயரில் காற்று இறங்கியிருக்கலாம் என்பதே பரவலான முடிவு. சாப்மேன் நொறுங்கிப்போனார். அந்த ஆண்டுப் பட்டத்தை கிரஹாம் ஹில் லோட்டஸுக்கு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து யோகென் ரிண்ட். 1969-ல் பார்சிலோனாவில் லோட்டஸ் கார்களின் உயரமான பின் இறக்கைகள் உடைந்து, ஹில்லும் ரிண்டும் ஒரே ரேஸில் விபத்துக்குள்ளானார்கள். அதன் பிறகு ரிண்ட் சாப்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கார்கள் ஏற்கெனவே போதுமான அளவு வேகம். சில கிலோ கூடினால் ஒன்றும் ஆகிவிடாது, பலவீனமான பாகங்களைக் கொஞ்சம் கெட்டிப்படுத்துங்கள், நம்பிக்கை இல்லாத காரை என்னால் ஓட்ட முடியாது என்பது அதன் சாரம். ஒரு டிரைவர் கேட்டது சில கிலோ எடை. அவ்வளவுதான்.

1970 செப்டம்பர் 5-ல் இத்தாலியின் மோன்ஸாவில், பயிற்சியின்போது ரிண்டின் லோட்டஸ் 72 தடுப்பில் மோதியது. அவர் இறந்துபோனார். வலது முன் பிரேக்கின் தண்டு உடைந்ததில் விபத்து தொடங்கியது, ஆனால் உயிர் போனது சரியாகப் பொருத்தப்படாத தடுப்பால் என்று இத்தாலிய நீதிமன்றம் பிறகு முடிவுசெய்தது. அவர் சேர்த்து வைத்திருந்த புள்ளிகளை அந்த சீசனில் வேறு யாராலும் எட்ட முடியவில்லை. இறந்த பிறகு ஃபார்முலா 1 பட்டம் பெற்ற ஒரே ஒருவர் அவர்தான்.

சாப்மேன் நிறுத்தவில்லை. 1972-ல் எமர்சன் ஃபிட்டிபால்டி, 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி என்று பட்டங்கள் தொடர்ந்தன. காருக்கு அடியில் ஓடும் காற்றைக் கொண்டே காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் கிரவுண்ட் எஃபெக்ட், சிகரெட் கம்பெனி விளம்பர வண்ணத்தில் கார், எல்லாம் அவர் டீம் பெரிய அளவில் கொண்டுவந்தவையே. அந்த 1978-லும் ரோனி பீட்டர்சன் என்ற லோட்டஸ் டிரைவர் மோன்ஸா விபத்தில் சிக்கி இறந்தார். எல்லா மரணத்தையும் சாப்மேன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, அந்தக் கால ரேஸே அப்படித்தான். ஆனால், ரிண்டின் கடிதத்தைப் படித்துவிட்டு அவரை முழுசாக விடுவிக்கவும் மனசு வரவில்லை.

கார்கள் கனமாயின

நிறுவனம் 1960-களின் நடுவில் நார்ஃபோக்கின் ஹெத்தல் என்ற இடத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய தளம் அது. அந்த ரன்வேயே டெஸ்ட் டிராக். சாப்மேன் சொந்த விமானத்தை அங்கேயே இறக்குவார். 1968-ல் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தது, நாற்பது வயதில் அவர் கோடீஸ்வரர்.

1973-ல் பிரிட்டனில் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வந்தது. பெட்டிக் காருக்கான வரிச்சலுகையும் போனது. அதே ஆண்டு எலான் தயாரிப்பு நின்றது; செவனின் உரிமையை கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டார். கேட்டர்ஹாம் அதே வடிவத்தை இன்று வரை செய்துகொண்டிருக்கிறது. சாப்மேனுக்கோ போர்ஷே வாங்குகிற ஆட்கள் வேண்டும் என்ற ஆசை. பெரிய, விலை கூடிய கார்கள் வந்தன. 1976-ல் எஸ்ப்ரி, மறு ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அது கடலுக்கடியில் போனது. போஸ்டர் ஒட்டி ரசித்தார்கள். ஆனால், ஷெட்டில் ஸ்பேனரோடு நின்ற அந்தப் பழைய வாடிக்கையாளர் இந்தக் கதையிலிருந்து காணாமல் போனார்.

கடைசி அத்தியாயம் நல்லதாக இல்லை. வடக்கு அயர்லாந்தில் பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் டிலோரியன் கார் தொழிற்சாலை தொடங்கியது. அந்தக் காரை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பொறியியல் வேலை 1978-ல் லோட்டஸுக்கு வந்தது. அந்த வேலைக்கான பணத்தில் ஒரு கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல், பனாமாவில் பதிவான ஜி.பி.டி. என்ற நிறுவனத்தின் வழியே போய் மறைந்தது. டிலோரியன் கம்பெனி 1982-ல் விழுந்தது, விசாரணை நெருங்கியது. அந்த டிசம்பர் 16-ம் தேதி அதிகாலை, 54 வயதில், மாரடைப்பில் இறந்தார் சாப்மேன். அதே நாளில் அவர் டீம், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் பொருத்திய காரை முதன்முதலாக டிராக்கில் சோதித்துக்கொண்டிருந்தது. அவர் சாகவில்லை, பிரேசிலுக்கு ஓடிவிட்டார் என்று வதந்தி கிளப்பியவர்களும் உண்டு. பத்தாண்டு கழித்து லோட்டஸின் நிதி நிர்வாகி ஃபிரெட் புஷெல் இந்த வழக்கில் மூன்றாண்டு சிறை சென்றார். சாப்மேன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்தாண்டு கிடைத்திருக்கும் என்று நீதிபதி சொன்னார்.

அந்தக் கார் எங்கே போனது?

1989-ல் ஜப்பானின் மஸ்டா, எம்எக்ஸ்-5 என்ற சின்ன இரண்டு சீட் காரை சிகாகோவில் காட்டியது. வடிவமைத்தவர்கள் எலானை நன்றாகப் படித்திருந்தார்கள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. 1,000 கிலோவுக்குள் எடை. கூரையை சீட்டில் உட்கார்ந்தபடியே கையால் பின்னால் தள்ளலாம். ஹெட்லைட்டை எழுப்ப மோட்டார். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும், மழையில் ஒழுகாது. எலானைவிட ரொம்ப கனம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் வந்துவிட்டன. சாப்மேன் குறைத்த எடையில் கொஞ்சத்தைத் திருப்பிப் போட்டதற்குக் கிடைத்த பலன் அது.

லோட்டஸும் 1996-ல் எலீஸ் மூலம் பழைய வழிக்குத் திரும்பியது. அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல் பசையால் ஒட்டிய சட்டம், சுமார் 725 கிலோ. பின்னாளில் டொயோட்டா இன்ஜின் வந்ததும் தினமும் ஓட்டுகிறவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். டெஸ்லாவின் முதல் கார் எலீஸின் அடிப்படையில் செய்ததுதான். 2021-ல் எலீஸ் நின்றது.

பழைய எலான்கள் இன்னும் ஓடுகின்றன. துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய புதுச் சட்டம் கிடைக்கிறது. ரப்பர் வளையத்துக்குப் பதில் நவீன ஜாயின்ட் போட்ட தண்டும் கிடைக்கிறது; சில கிலோ கூடும், ஆனால் தத்தாது. போட்டுக்கொள்ளலாமா, ஒரிஜினலாகவே விட்டுவிடலாமா என்று எலான் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றும் சண்டை போடுகிறார்கள். சீனாவின் ஜீலி குழுமம் கையில் இருக்கும் லோட்டஸ் இப்போது எலெட்ரா என்ற எலெக்ட்ரிக் எஸ்யூவி விற்கிறது. எடை கிட்டத்தட்ட இரண்டரை டன்.